ஊர்க் குளத்துக் குஞ்சை அள்ளலாமா? விரால் வளர்க்க நினைக்கும் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 40 சென்டில் ஒரு குளம் இருக்கிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். நானும் என் தம்பியும் சேர்ந்து விரால் வளர்க்கலாம் என்று இருக்கிறோம். மழைக்காலத்தில் ஊர்க் குளத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதக்கும். அதை அள்ளிவந்து விட்டால் குஞ்சு வாங்கும் செலவு மிச்சம் என்கிறான் தம்பி. கோழிக்கடைக் கழிவும் சும்மா கிடைக்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஏஜென்ட், பத்தாயிரம் குஞ்சு தருகிறேன், வளர்ந்ததும் நானே எடுத்துக்கொள்கிறேன், ஒப்பந்தம் போடலாம் என்கிறார். போர் மோட்டார் இருக்கிறது. ஆனாலும் சித்திரை வைகாசியில் குளத்தில் தண்ணீர் இறங்கிவிடும். விரால் அடிபட்ட புண்ணை ஆற்றும் என்கிறார்களே, அதற்காகவே விலை போகுமா? இதில் இறங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இறங்கலாம். ஆனால் தம்பி சொல்லும் வழியும் வேண்டாம், ஏஜென்ட் சொல்லும் வழியும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு விரால் எப்படி வாழும் மீன் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கெண்டை வளர்ப்பில் மீனைப் பற்றி அதிகம் தெரியாமலே ஓரளவு தப்பித்துவிடலாம். விராலில் அது நடக்காது.

விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். செவுளுக்கு மேலே, தலைக்குள் இரண்டு பக்கமும் காற்றறை இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வரவிடாமல் தடுத்தால் நல்ல தண்ணீரிலும் செத்துப்போகும். இரவில் போட்ட வலையில் தண்ணீருக்கு அடியில் சிக்கிய விரால், காலையில் எடுக்கும்போது செத்துக் கிடப்பது இதனால்தான். ஈரம் மட்டும் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு இருக்கும், கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும், மழை இரவில் கரையேறிப் பக்கத்து வாய்க்காலுக்கும் போய்விடும். சந்தையில் டிரம்மில் உயிரோடு வைத்து விற்க முடிவதும், அந்த உயிர் மீனுக்காகக் கெண்டையைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை கிடைப்பதும் இந்தக் குணத்தால்தான். நடுமுள்ளைத் தவிர சதைக்குள் பொடிமுள் கிடையாது என்பதால் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் கேட்டு வாங்குகிறார்கள். தெலுங்குக்காரர்கள் இதைக் கொர்ரமீனு என்பார்கள். தெலங்கானாவின் மாநில மீன் இதுதான்.

இதைக் கேட்டதும் பலரும், "காற்றிலேயே மூச்சு விடுகிற மீன்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கி விடலாம்" என்று நினைக்கிறார்கள். ஏஜென்ட் சொல்லும் பத்தாயிரம் கணக்கும் அங்கிருந்துதான் வருகிறது. ஆக்சிஜன் குறைவது வளர்ந்த விராலைக் கொல்லாது என்பது உண்மை. ஆனால் புரதம் மிகுந்த தீவனம் தின்னும் மீன் அது. தின்னாமல் விட்ட தீவனமும் கழிவும் தண்ணீரில் அம்மோனியாவாகச் சேரும்போது தீவனம் எடுப்பது குறைகிறது, தோலில் புண் வருகிறது, வளர்ச்சி நின்றுபோகிறது. தண்ணீரை அடிக்கடி மாற்றும் வசதி இருந்தால் நெருக்கி வளர்க்கலாம். சித்திரையில் தண்ணீர் இறங்கும் 40 சென்ட் குளத்துக்கு அது பொருந்தாது. முதல் முறைக்கு உங்களுக்கு 2,000 குஞ்சு போதும். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, இப்போது தம்பி பார்த்த சிவப்புக் குஞ்சுகளுக்கு வருவோம். புதுத்தண்ணீர் வந்ததும் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் செடிகளை ஒதுக்கி வட்டமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்யும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். இளமஞ்சளாக, ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ பொரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் விராலின் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதம் தாய் தகப்பன் மீன்கள் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே சுற்றிக் காவல் காக்கும். கிட்டே போகிற தவளையையும் மற்ற மீனையும் விரட்டும், கையை விட்டால் கடிக்கவும் செய்யும். குஞ்சுகளுக்குக் காற்றறை வளரத் தொடங்கியதும் அவை அடிக்கடி மேலே வந்து போகும். தண்ணீர் கொதிப்பதுபோல் சிவப்பாக ஓர் இடம் குமிழியிடுவதைத் தம்பி பார்த்திருப்பார்.

அதை அள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது உங்கள் சொந்த லாபம் சம்பந்தப்பட்டது. அள்ளிவந்த குஞ்சு அசைகிற இரையைத் தவிர வேறொன்றையும் சாப்பாடு என்று ஏற்காது. மிதவைத் தீவனத்தைக் கண்ணால் பார்த்தும் பசியில் கிடக்கும். பசித்த விரால் குஞ்சு பக்கத்தில் இருக்கிற தம்பி தங்கையைத் தின்னும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் குஞ்சையும் முழுதாக விழுங்கிவிடும். தின்ற குஞ்சு அடுத்த வாரம் இன்னும் பெரிதாகி இன்னும் இரண்டைத் தின்னும். இரண்டாயிரம் விட்டோம், அறுவடையில் முந்நூறு கிடைத்தது, மீதி எங்கே போனது என்று தெரியவில்லை, நாரை தின்றதா, திருடு போனதா என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் மீதி மீன் அந்த முந்நூறு மீனின் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். அதோடு, ஊர்க் குளத்துக் குஞ்சோடு ஒட்டுண்ணியும் நோயும் உங்கள் குளத்துக்குள் வரும்.

இரண்டாவது காரணம் ஊருடையது. கெண்டை வகையில் ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும், இட்டுவிட்டுப் போய்விடும். விரால் இடுவது சில ஆயிரங்களில் தொடங்கிச் சில பத்தாயிரங்கள் வரைதான். குறைவாகப் பெற்று, காவல் காத்து வளர்க்கிற மீன் இது. அந்தக் கூட்டத்தை அள்ளினால் ஒரு ஜோடியின் அந்த மழைக்கால உழைப்பு முழுதும் போயிற்று. குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளையைக் கட்டித் தூண்டில் வீசி, சீறி வருகிற தாய் மீனைப் பிடிப்பதும் இதே கெடுதல்தான். காவல் போன அடுத்த சில மணி நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே கூடி ஊத்தா கூடையால் கவிழ்த்துப் பிடிப்பதை நான் தவறு சொல்ல மாட்டேன். அப்போது பிடிபடுவது வளர்ந்த மீன், வற்றப்போகும் தண்ணீர். மழைக்காலத்தில் குஞ்சை எடுப்பது அடுத்த பல கோடைகளின் மீனை எடுப்பது. கம்போடியாவில் விரால் வளர்ப்பு பெரிய தொழில். ஆற்றுக் குஞ்சையும் பொடிமீனையும் அள்ளி அள்ளி அந்தத் தொழில் வளர்ந்ததால் 2005-ல் அரசு விரால் வளர்ப்பையே தடை செய்தது. பொரிப்பகக் குஞ்சும் கம்பெனித் தீவனமும் சரியாக வந்த பிறகு, 2016-ல்தான் தடையை எடுத்தார்கள். ஒரு நாடு பதினோரு வருடம் நிறுத்திவைத்த வழியில் நாம் தொடங்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் குஞ்சுக்கு எங்கே போவது? இதுதான் விரால் வளர்ப்பின் உண்மையான முடிச்சு. ஆண் விராலிடம் விந்து மிகக் குறைவு, பிழிந்தெடுத்து முட்டையோடு கலக்கும் கெண்டை முறை இதற்குச் சரிவராது. ஜோடிக்கு ஹார்மோன் ஊசி போட்டு, செடி மிதக்கும் சின்னத் தொட்டியில் விட்டு, அவையாகவே முட்டையிட வைக்க வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் எம். ஏ. ஹனிபா தம் மாணவர்களோடு பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். புவனேசுவரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் பொரிப்பு முறையை ஒழுங்குபடுத்தியிருக்கிறது. இன்று தமிழ்நாட்டிலும் தனியார் பொரிப்பகங்கள் இருக்கின்றன. குஞ்சு கிடைக்கும், தரம்தான் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே வாங்கப் போகும்போது போனில் ஆர்டர் கொடுக்காதீர்கள். நேரில் போங்கள். தொட்டியில் மிதவைத் தீவனம் ஒரு கை போடச் சொல்லுங்கள். குஞ்சுகள் பாய்ந்து வந்து எடுக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பாதிக் குஞ்சு எடுத்து மீதிப் பாதி ஓரத்தில் நின்றால் அந்தத் தொட்டி வேண்டாம். அடுத்து அளவைப் பாருங்கள். மூன்று நான்கு அங்குலக் குஞ்சு வாங்க வேண்டும், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு அங்குலக் குஞ்சு விலை குறைவு என்று ஆசைப்பட்டால் மேலே சொன்ன விழுங்கல் முழுவதும் உங்கள் வீட்டில் நடக்கும். "வியட்நாம் விரால், சீக்கிரம் வளரும்" என்று யாராவது சொன்னால் அனுமதிச் சீட்டு கேளுங்கள். வெளிநாட்டுக் குஞ்சோடு வரும் நோய் உங்கள் குளத்தோடு நிற்காது. வெள்ளத்தில் தப்பினால் நம் ஆற்று விராலோடு கலந்தும்விடும்.

கொண்டுவந்த குஞ்சை நேராகக் குளத்தில் கொட்ட வேண்டாம். குளத்துக்குள்ளேயே ஹாப்பா, அதாவது பெட்டி மாதிரித் தைத்த வலைத்தொட்டி கட்டி, அதில் ஒரு மாதம் வளர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, அதிகம் போனால் பத்து நாளைக்கு ஒருமுறை, பெரியதைத் தனியாக எடுத்து இன்னொரு ஹாப்பாவில் விட வேண்டும். தரம் பிரித்தல் என்று நாங்கள் சொல்லும் இந்த ஒரு வேலையில்தான் விரால் வளர்ப்பவரின் பணம் நிற்கிறது அல்லது போகிறது. தீவனம், மருந்து, மோட்டார் எல்லாவற்றுக்கும் செலவு செய்வார்கள். குனிந்து உட்கார்ந்து குஞ்சு பிரிக்கும் அரை நாளைத்தான் தள்ளிப்போடுவார்கள். நீங்களும் தம்பியும் சேர்ந்து செய்தால் இரண்டாயிரம் குஞ்சைக் காலை வெயில் ஏறுவதற்குள் பிரித்துவிடலாம். கை ஈரமாக இருக்கட்டும், வலையில் உரசக் கூடாது. தோலில் கீறல் விழுந்தால் பூஞ்சை பிடிக்கும். ஐந்தாறு அங்குலம் ஆனதும் குளத்தில் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு விழுங்கல் குறைந்துவிடும், ஆனால் பசிக்க விட்டால் மறுபடியும் ஆரம்பிக்கும்.

தீவனம் என்றால் மிதவைத் தீவனம். குஞ்சுக்கு 40 முதல் 45 சதவீதம் புரதம் உள்ளது, பிறகு 35 முதல் 40. சின்ன வயதில் உடல் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம், பெரிதானதும் இரண்டு மூன்று சதவீதம். காலையும் மாலையும் ஒரே இடத்தில் போடுங்கள். அந்தி நேரத்தில் விரால் நன்றாக எடுக்கும் என்பதால் மாலைப் பங்கைக் கொஞ்சம் கூட்டலாம். இருபது நிமிடத்துக்குப் பிறகும் மிதந்தால் அடுத்த வேளை குறையுங்கள்.

கோழிக்கழிவு வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். அது சும்மா கிடைப்பதாகத் தோன்றும். தின்னாத குடலும் கொழுப்பும் அடியில் அழுகித் தண்ணீர் கெடும், அக்கம்பக்கத்தில் நாற்றம் என்று சண்டை வரும், கழிவில் இருக்கும் கிருமியும் கோழிக்குப் போட்ட மருந்தும் மீனுக்குள் போகும். கழிவுக்குப் பழகிய விரால் பிறகு தீவனத்தைத் தொடாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை இப்படித்தான் ஒளித்து வளர்க்கிறார்கள். அந்தப் பெயர் விரால் மேலும் விழுந்துவிட்டால் நல்ல விலை கொடுத்து வாங்கும் தாய்மார்கள் விலகிப்போவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கழிவுப் பொடிமீன் வாங்கிப் போடலாமா என்றும் கேட்பீர்கள். ஒரு கிலோ விரால் வளர நான்கு கிலோ அளவுக்குப் பச்சை மீன் வேண்டும், அதைத் தினமும் ஐஸில் கொண்டுவர வேண்டும். கணக்கும் கட்டாது, கடலுக்கும் நல்லதில்லை.

எப்போது விடுவது என்பதை உங்கள் குளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மழையில் பொரித்த குஞ்சுகள் மூன்று நான்கு அங்குலமாகப் பொரிப்பகங்களில் கிடைக்கும் மாசி மாதம் உங்களுக்குச் சரியாக இருக்கும். பனி போய்ச் சூடு ஏறும் நேரம், தீவனம் நன்றாக எடுக்கும். சித்திரை வைகாசியில் போர் தண்ணீர் விட்டு நாலடி ஆழமாவது நிறுத்தியாக வேண்டும். இது முடியாதென்றால் இந்த வருடம் தொடங்காதீர்கள். எட்டு மாதத்தில் 600 முதல் 800 கிராம் வரை வரும். ஐப்பசி நடுவில் அடைமழை பிடிப்பதற்குள் குளத்தைக் காலி செய்துவிட வேண்டும். இடையில் புரட்டாசி இருப்பதை மறக்க வேண்டாம். அந்த மாதம் மீன் வாங்குவோர் குறைவு, வியாபாரி விலையை அடிப்பார். ஆவணியிலேயே முன்னால் வளர்ந்த மீன்களைப் பிடித்து ஒரு பகுதியை விற்றுவிட்டு, மீதியைப் புரட்டாசி முழுவதும் அளவாகத் தீவனம் கொடுத்து வைத்திருந்து, ஐப்பசி பிறந்ததும் எடுங்கள்.

அடைமழைக்கு முன் முடிக்கச் சொல்வதற்கு விலையைவிடப் பெரிய காரணம் புண் நோய். உடம்பில் சிவப்புப் புள்ளி தோன்றி, குழிப்புண்ணாகி, தலைப்பக்கம் எலும்பு தெரியும்வரை அரித்துவிடும். அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி செய்கிற வேலை. இந்தியாவுக்குள் இது 1988-ல் வந்தது. வந்த இடத்திலெல்லாம் முதலில் அடிபட்ட மீன்களில் விரால் ஒன்று. பெருமழைக்குப் பிறகு, தண்ணீர் குளிர்ந்து வயல் தண்ணீரும் சேறும் உள்ளே வரும் கார்த்திகை முதல் தை வரையில்தான் அது கிளம்பும். அந்த மாதங்களில் உங்கள் குளம் காலியாகவோ, மீன் இல்லாமல் மழைத்தண்ணீர் தேங்கியோ இருக்கட்டும். அடுத்த வருடங்களில் மழைக்காலத்திலும் மீன் வைத்திருக்க நேர்ந்தால், மழைக்கு முன்பே சுண்ணாம்பு இட்டு, வயல் வடிகால் உள்ளே வராமல் கரையை உயர்த்திக்கொள்ள வேண்டும். புவனேசுவரம் நிலையம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உதவும். புண் ஆழமானால் மீன் பிழைத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

குளத்தைத் தயார் செய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கெண்டைக் குளத்துக்குச் செய்வதுதான். வற்ற வைத்து, வெடிக்கும்வரை காயவிட்டு, 40 சென்டுக்கு 40 முதல் 50 கிலோ சுண்ணாம்பு தூவுங்கள். முழுதாக வற்றாமல் பள்ளத்தில் தண்ணீர் நின்றால், உள்ளே கிடக்கும் பழைய மீனை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் குஞ்சு விட வேண்டும். உள்ளே ஒரே ஒரு பழைய விரால் தங்கிவிட்டாலும் அது உங்கள் குஞ்சைத் தின்றே வளரும். கரையைச் சுற்றி நாலடி உயரத்துக்கு வலை வேலி போட்டு, அடியை அரையடி மண்ணுக்குள் புதையுங்கள். மேலே பறவை வலை. தண்ணீரில் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல், மூங்கில் சட்டத்துக்குள் அடக்கி ஆகாயத்தாமரை விடலாம், நிழலுக்கும் பதுங்கவும் நல்லது. அது பரவிக் குளத்தையே மூட விட்டுவிட்டால் மீன் மேலே வந்து மூச்சு விட இடமிருக்காது.

வரவு செலவுக்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். நான் போடும் எண்களை எடுத்துவிட்டு உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 2,000 குஞ்சு, ஒன்று 15 ரூபாய் என்றால் 30,000. நூற்றுக்கு எழுபது பிழைத்து, ஒன்று 700 கிராம் வந்தால் 980 கிலோ மீன். ஒரு கிலோ மீனுக்கு 1.8 கிலோ தீவனம் என்று வைத்தால் 1,764 கிலோ தீவனம். கிலோ 110 ரூபாய் என்றால் 1,94,000 சொச்சம். சுண்ணாம்பு, மின்சாரம், வலைத் தேய்மானம், பிடிகூலி எல்லாம் 40,000. மொத்தச் செலவு 2,64,000. வியாபாரி குளத்துக்கரையில் கிலோ 320 ரூபாய்க்கு எடுத்தால் வரவு 3,13,600. கையில் நிற்பது ஏறக்குறைய 50,000. உங்கள் இருவரின் எட்டு மாத உழைப்புக்கும் சேர்த்துத்தான் அது. பிழைப்பு எழுபதிலிருந்து ஐம்பதாக இறங்கினால் இதே கணக்கில் மிஞ்சுவது 15,000 சொச்சம். அதே எழுபது பிழைத்து, நீங்களே மன்னார்குடியில் டிரம்மில் வைத்துக் கிலோ 400 ரூபாய்க்கு விற்றால் 1,28,000 வரை நிற்கும்.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். ஏஜென்டின் ஒப்பந்தத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் கொடுப்பது அந்தக் கடைசி எண்ணை, அதாவது விலையை முடிவு செய்யும் உரிமையை. பத்தாயிரம் குஞ்சு விற்றதிலேயே அவர் லாபம் முடிந்துவிடுகிறது, பிறகு உங்கள் மீன் பிழைத்தாலும் செத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. எழுத்தில் விலை போட்டிருந்தாலும் எடை, அளவு, நாள் என்று தள்ளிவிடும் நிபந்தனை உள்ளே இருக்கும். 2012-ல் ஈமு கோழியில் கொங்குப் பக்கம் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைப் பார்த்த பிறகு, வளர்த்துக் கொடு, நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதற்றம் வருகிறது. விராலுக்குச் சந்தை தேட வேண்டியதே இல்லை. உயிரோடு கொண்டுபோனால் வாங்க ஆள் உண்டு. அதை இன்னொருவர் கையில் கொடுப்பானேன்?

அரசு உதவி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குளம் வெட்டுதல், உள்ளீட்டுச் செலவு போன்றவற்றுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். இப்போது எந்த வேலைக்கு விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். பட்டா உங்கள் பெயரிலோ, முறையான குத்தகை உங்கள் பெயரிலோ இருந்தால் விண்ணப்பத்தைத் தம்பி பெயரில் போடாமல் உங்கள் பெயரில் போடுங்கள். மானியம் வேலை முடிந்த பிறகு வரும் பணம், அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். பயிற்சிக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில்தான். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் கார அமில நிலையை (pH) பார்த்து வாருங்கள். 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் போதும்.

புண் ஆற்றும் குணம் பற்றி ஒரு வார்த்தை. மலேசியா, இந்தோனேசியாவில் பிரசவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் பிறகு விராலைச் சமைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். காயம் ஆறுவதற்கு உதவும் அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் அல்புமின் புரதமும் அதில் இருப்பதை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல புரதமுள்ள, எளிதில் செரிக்கும் மீன் என்று சொல்லி விற்கலாம், அது உண்மை. ஹைதராபாதில், மழை தொடங்கும் ஜூன் மாதத்தில் வரும் மிருகசீரிட கார்த்தி என்ற நாளில் ஆஸ்துமாவுக்காக உயிருள்ள விரால் குஞ்சை விழுங்க வைக்கிறார்கள், அது நோயைக் குணப்படுத்துவதாக நிரூபணம் இல்லை. ஆகவே மருந்து என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள். விராலின் ருசியே அதை விற்றுவிடும்.

இதையெல்லாம் படித்த பிறகும் சித்திரைத் தண்ணீர் சந்தேகமாக இருந்தால், முதல் வருடம் வேறொரு வழி இருக்கிறது. குளத்தில் கட்லா, ரோகு விடுங்கள், அவை அரை அடிக்கு மேல் வளர்ந்த பிறகு நாலு அங்குல விரால் ஐம்பது அறுபது மட்டும் சேர்த்து விடுங்கள். தானாகப் பெருகிவிடும் திலேப்பியாக் குஞ்சையும் பொடிமீனையும் தின்று அவை வளரும், தனித் தீவனம் வேண்டாம். பணம் பெரிதாக வராது. ஆனால் விரால் எப்போது மேலே வருகிறது, எந்த மூலையில் நிற்கிறது, மழை இரவில் எந்தப் பக்கம் கரையேறப் பார்க்கிறது என்பது உங்கள் குளத்திலேயே தெரிந்துவிடும், அடுத்த வருடம் வேலியை அந்தப் பக்கம் உறுதியாகப் போடலாம்.

மாசியில் குஞ்சு இறக்குவதென்றால் மார்கழிக்குள் ஹாப்பா தைத்து வாங்கிவிடுங்கள், குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றில் சின்னது, ஒன்றில் பெரியது, மூன்றாவது பிரிக்கும்போது மாற்றிவிடுவதற்கு. கண்ணி அளவு குஞ்சின் தலை நுழையாததாக இருக்கட்டும். பொரிப்பகத்துக்குப் போகும்போது ஒரு குஞ்சைக் கையில் வைத்து அளந்து பார்த்துவிட்டு வலைக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்.